அந்த ஒன்று

வாக்குப்பெட்டி கண்ணாடி மாதிரி, உள்ளே எல்லாம் தெரியும்.
தெரிவதெல்லாம் நீல உறைகள்.
ஒவ்வோர் உறை விழும்போதும்
மேயர் மர்சியால் குரலெடுத்துச் சொல்வார்:
"வாக்களித்தார்!"
ஏதோ பிள்ளை பிறந்துவிட்டதைப் போல.
போன வருடம் சாந்த்ரூலில் பிள்ளை எதுவும் பிறக்கவில்லை.

பட்டியலில் நூற்று நாற்பத்து மூன்று பேர்.
ரகசியம் பெரிய நகரங்களுக்குக் கட்டுப்படியாகும்.
இங்கே
திரைக்குப் பின்னால் யார் எத்தனை நேரம் நின்றார்கள் என்று
வரிசையிடம் கணக்கிருக்கிறது.
கசக்கிப் போட்ட மிச்சச் சீட்டுகளைக்
கூடையில் எட்டிப் பார்க்காதவர்
பாதிரியார் ஒருவர்தான்.
அவரும் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்.

கல்குவாரி ஓடிய காலத்தில்
இடதுசாரிகளுக்கு எண்பத்தெட்டு விழுந்தது,
பழைய பதிவேட்டில் இருக்கிறது.
பிறகு குவாரியில் தண்ணீர் நின்றது.
ரயில் நிற்பதை நிறுத்தியது.
தபால் நிலையம் மளிகைக்கடை மூலைக்குப் போனது,
அப்புறம் மளிகைக்கடையே போனது.
எண்பத்தெட்டு நாற்பதாகி
பதினொன்றாகி
இருபது வருடமாக ஒன்று.

மிச்சமெல்லாம் ஏன் அந்தப் பக்கம் போயின என்று கேட்கப்
பாரிஸிலிருந்து ஒரு பையன் வந்தான்.
கோபமா என்றான். பயமா என்றான்.
"டாக்டர் நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறார்" என்றார்
மாடு வளர்க்கும் லூசியன்.
அதை அவன் எழுதிக்கொள்ளவில்லை.

அந்த ஒன்று யாருடையது?
ஊருக்குச் சந்தேகமே இல்லை:
ஒதீல்.
பள்ளிக்கூடத்தை மூடும்வரை டீச்சர்.
வந்தேறி; முப்பத்தொன்பது வருடமாக வந்தேறி.
ரொட்டிக்கடை தியெரி அவளுக்கென்று
அடி கருகியதாகப் பார்த்து எடுப்பான்.
"தோழருக்கு!" என்று நீட்டுவான்.
கடையே சிரிக்கும்.
அவள் சில்லறையை எண்ணிவைத்துவிட்டுப் போவாள்.
இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.
ஆம் என்றும்.

பிப்ரவரியில் ஒதீல் இறந்தாள்.
ஏப்ரலில் தேர்தல்.

மாலை ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு
நான் உறை பிரிக்க, ஸபீன் படிக்க,
இருவர் கோடு போட்டார்கள்.
அதே பெயர். அதே பெயர். அதே பெயர்.
எழுபத்தாறாவது உறையில்
அந்த ஒன்று.

ஸபீன் படித்தாள். மறுபடி படித்தாள்.
"செத்தும் பழக்கம் விடவில்லை" என்றார் மர்சியால்.
யாரும் சிரிக்கவில்லை.
எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்,
குறிப்பாகக் கைகளை.

உறை பிரிப்பவனுக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்று:
தேர்தல்தோறும் வெற்று உறை ஒன்று வரும்.
உள்ளே எதுவும் இருக்காது.
மடிப்பு மட்டும் அத்தனை நேராக,
நோட்டுப்புத்தகங்களுக்கு அட்டை போட்டுப் பழகிய விரல்.
இந்த முறை வெற்று உறை இல்லை.

அடையாளம் ஏதுமுள்ள சீட்டு செல்லாது
என்கிறது சட்டம்.
கறை, கிறுக்கல், கையொப்பம், எதுவானாலும்.
இருபது வருடமாக
அந்த ஒன்றின் மடிப்பில் மாவு இருக்கும்.
வெள்ளைத் தாளில் வெள்ளை மாவு,
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.
காற்சட்டையில் துடைத்துவிட்டு
ஸபீனிடம் நீட்டுவேன்.
ஒரு வாக்கைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு
வீட்டுக்குப் போவேன்.

கடையில் சிரித்தவர்களில் நானும் உண்டு.

திங்கள் விடுமுறை.
செவ்வாய் காலை தியெரி எனக்காகப்
பதமாக வெந்த ரொட்டியைத் தேடினான்.
"அடி கருகினது இருந்தால் கொடு" என்றேன்.
அவன் கை தட்டின்மேல் அப்படியே நின்றது,
முழங்கைவரை வெள்ளையாக.
கடையில் வேறு யாருமில்லை.
சில்லறையை எண்ணிவைத்தேன்.